அந்தோனியாருக்குச் சொன்ன திகதி

சூசைதாசன் வாழ்நாளில் ஒருமுறைகூட இணையத்துக்குள் போனதில்லை. அவருக்கு அது ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றம் மாதிரி. பாஸ் உள்ளவன் உள்ளே போவான், இல்லாதவன் கேற்றுக்கு வெளியே நிற்பான். அவரிடம் இருந்தது பொத்தான் போன். மகன் எடுப்பான், இவர் காது கேட்காதவனோடு பேசுவதுபோல் 'ஓம், ஓம்' என்று கத்துவார், பிறகு சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். இப்படிப்பட்ட மனிதர் இணையத்தின் வழியாக நாட்டின் பாதுகாப்புக்குக் குந்தகம் விளைவித்துவிட்டார் என்று படையினர் குடும்ப இணையப் பாதுகாப்புச் சபை கண்டுபிடித்திருந்தது.

செய்தியைக் கொண்டுவந்தவள் மருமகள் டில்ஷானி. ஒரு கையில் போன், மறு கையில் ஐந்து மாதக் குழந்தை.

"மாமா, நீங்க பேஸ்புக்ல என்னத்தப் போட்டீங்க?"

"எனக்கெங்க பிள்ளை பேஸ்புக்? நான் போட்டது இந்த இடுப்புச் சாரம் மட்டும்தான்."

"பகிடிய விடுங்க. கிளின்ரனுக்கு மேலிடத்தில இருந்து அடிச்சுச் சொல்லிட்டாங்களாம். வீட்டு ஆக்கள் வெள்ளவத்தைக்குப் போய் 'பாதுகாப்பான குடும்பம்' எண்டு சேர்ட்டிபிகேட் எடுத்தாத்தான் லீவு. இல்லாட்டி ஞானஸ்நானத்துக்கு அவர் வரேலாது."

அதோடு சூசைதாசனின் பகிடி நின்றது. குழந்தை பிறந்த நாளிலிருந்து மகன் கிளின்ரன் அதைப் போனில்தான் பார்த்திருக்கிறான். ஞானஸ்நானத்தை அவன் லீவுக்காகவே தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள்.

கிளின்ரன் நேவிக்காரன். கொட்டாஞ்சேனையில் தமிழ்ப் பிள்ளையொருவன் நேவிக்குப் போனால் குடும்பம் இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் 'ஏன் போனாய்' என்று கேட்கும், மறுபக்கம் 'ஏன் வந்தாய்' என்று கேட்கும். சூசைதாசன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நாட்டாமி. தன் இடுப்பு போனதுபோல் மகனின் இடுப்பும் போகக்கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு அரசியல் கிடையாது. வீடிருந்த சின்ன ஒழுங்கையில் யார் கேட்டாலும் "கப்பல்ல வேலை" என்பார். பொய்யில்லை. நேவிக்காரனும் கப்பலில்தான் இருக்கிறான். யூனிபோம் போட்ட படம்கூட அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில்தான் ஒட்டியிருந்தது. அலுமாரியைத் திறந்தால் மகன், மூடினால் மரம்.

அவர் செய்த குற்றம் இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் நாள், கோவிலில் வேண்டுதல் எழுதிப் போடும் பூசைக் கருத்துப் பெட்டிக்குள் ஒரு துண்டு போட்டார். 'கப்பலில் இருக்கும் மகன் கிளின்ரன் வருகிற பன்னிரண்டாம் திகதி நல்லபடியாகக் கரைசேர. சூசைதாசன் குடும்பம்.' பூசையில் அதை வாசித்தார்கள். கொரோனாக் காலத்தில் பூட்டிய கமரா இன்னும் கழற்றப்படாமல் தூணில் இருந்தது. அது பூசையைப் பேஸ்புக்கில் நேரடியாகக் காட்டியது. சபை பார்த்துக்கொண்டிருந்தது.

சபையின் தமிழ்மொழிப் பிரிவு வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு சாறிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வாசலில் விரலடையாளம் வைத்துத் திறக்கும் மெஷின். அது வேலை செய்யாததால், கதவு மூடாமலிருக்கத் தண்ணீர்ப் போத்தலொன்றை அடைகொடுத்திருந்தார்கள். உள்ளே சுவரில் 'உங்கள் கடவுச்சொல் உங்கள் பல்துலக்கி, பிறருக்குக் கொடாதீர்' என்று ஒரு பதாகை. அதற்குக் கீழே, வருகிறவர்களின் வசதிக்காக, அலுவலக வைபையின் கடவுச்சொல் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அது பணிப்பாளரின் பெயரும் பிறந்த வருடமும்.

பிரிவின் மொத்த ஆளணியும் முத்துலிங்கம் என்ற ஒருவர்தான். மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையிலேயே அறை எடுத்து இருப்பவர். முகம், மத்தியானச் சாப்பாட்டைக் காலையிலேயே சாப்பிட்டுவிட்ட ஆளின் முகம்.

"வாங்கோ ஐயா, இருங்கோ. அந்தக் கதிரையில வேண்டாம், அதுக்குக் கால் இல்லை."

அடுத்த கதிரையில் ஏற்கனவே ஒரு அம்மா இருந்தார். றலியா, மலாய்க்காரர். மகன் ஆமியில் லொறி ஓட்டுகிறவன்.

"நானா, எதுக்கு வந்த?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் றலியா.

"சாமி கும்பிட்டதுக்கு."

"நான் வட்டிலாப்பம் செஞ்சதுக்கு. மகன் பெருநாளைக்கு வாரான், முட்டை வேணும் எண்டு குடும்ப குரூப்புல போட்டன். முட்டைக் கணக்க வெச்சு எத்தன பேர் லீவுல வாராங்க எண்டு எதிரி கண்டுபுடிச்சிருவானாம்."

பணிப்பாளர் வந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி. எந்தப் படையில் இருந்தார் என்பதைச் சபை பாதுகாப்புக் காரணங்களுக்காக வெளியிடுவதில்லை. அவர் கழுத்துப்பட்டியில் அந்தப் படையின் சின்னம் இருந்தது.

அவர் சிங்களத்தில் நீண்ட நேரம் பேசினார். தேசம், தாய், கடல், ஒரு தாயின் கண்ணீரில் எவ்வளவு உப்பு உண்டோ அவ்வளவு இரகசியமும் உண்டு என்பதெல்லாம் அதில் வந்தது. பேசி முடிந்ததும் முத்துலிங்கம் திரும்பினார்.

"நீங்கள் பிழை விட்டிட்டீங்களாம்."

சூசைதாசனுக்குச் சிங்களம் முத்துலிங்கத்தைவிட நன்றாகத் தெரியும். துறைமுகத்தில் அவர் திட்டு வாங்கியதும் திட்டியதும் அந்த மொழியில்தான். அவர் நேராகச் சிங்களத்தில் பதில் சொல்லத் தொடங்கினார். பணிப்பாளர் கையை உயர்த்தி நிறுத்தினார். தமிழ்மொழிப் பிரிவில் தமிழருக்குத் தமிழில் பதிலளிக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை மீறச் சபை எவரையும் அனுமதிக்காது. எனவே சூசைதாசன் தமிழில் சொன்னார், பணிப்பாளர் விளங்காமல் காத்திருந்தார், முத்துலிங்கம் பெருமூச்சு விட்டு மாற்றினார்.

"கப்பல் வரும் திகதியை யாருக்குச் சொன்னீர்?"

"அந்தோனியாருக்கு."

"அவர் எப்படி அறிந்தார்?"

"நான் சொல்லித்தான்."

"வேறு யாருக்கும் சொல்லமாட்டார் என்று எப்படி நம்பினீர்?"

சூசைதாசன் யோசித்தார். இவ்வளவு காலத்தில் அந்தோனியார் ஒன்றையும் வெளியே விட்டதாக அவருக்கு நினைவில்லை. பல விஷயங்களில் சூசைதாசனுக்கே பதில் சொன்னதில்லை.

பணிப்பாளரின் முகம் இளகியது. தான் பௌத்தனாக இருந்தாலும் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் போவதுண்டு என்றார். இந்தப் பதவியே அப்படிக் கிடைத்ததுதான். "ஆனால் நான் பெயர், இடம், திகதி சொல்வதில்லை. பொதுவாகக் கேட்பேன். 'ஒருவர், ஒரு நாள், ஓரிடத்துக்கு வரட்டும்.' புனிதருக்குத் தேவையான அளவு தகவல் அவரிடம் ஏற்கனவே உண்டு."

"பொதுவாக் கும்பிடட்டாம்," என்றார் முத்துலிங்கம்.

"பொதுவாக் கும்பிட்டா பொதுவாத்தானே தருவார்?" என்றார் சூசைதாசன். முத்துலிங்கம் அதை மொழிபெயர்க்கவில்லை.

சான்றிதழுக்கு ஒரு பயிற்சி நெறி இருந்தது. முதல் நாளே சிக்கல். சூசைதாசனுக்கு ஸ்மார்ட் போன் இல்லை, பேஸ்புக் இல்லை, வாட்ஸ்அப் இல்லை, ஈமெயில் இல்லை. பணிப்பாளர் கவலைப்பட்டார். சபையின் மதிப்பீட்டு முறைப்படி இணையத்தில் ஒருவர் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறார் என்பதற்குப் புள்ளி போட வேண்டும். சூசைதாசனுக்குப் பூச்சியம்தான் போட முடிந்தது.

"இணையத்தில் இல்லாத ஒருவரை இணையத்தில் பாதுகாக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை," என்றார் பணிப்பாளர். "முதலில் அவரை உள்ளே கொண்டுவாருங்கள். பிறகு காப்பாற்றுவோம்."

அடுத்த முறை சூசைதாசன் டில்ஷானியையும் குழந்தையையும் அவளுடைய போனையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் பெயரில் ஒரு கணக்குத் திறக்கப்பட்டது. முகத்தை நேராக, இடமாக, வலமாகப் படம் எடுத்தார்கள். போலிக் கணக்கு இல்லை என்று நிரூபிக்க, பிறந்த திகதி, ஒழுங்கையின் பெயர், மகன் யார், மகனுக்கு எங்கே வேலை எல்லாம் போட வேண்டியிருந்தது. 'உங்களைப் பற்றி' என்ற இடம் வெறுமையாக இருந்தால் முறைமை ஏற்காதாம்.

"என்ன மாமா போட?"

"இடுப்பு சரியில்லை எண்டு போடு."

அவள் போட்டாள்.

இரண்டாம் பாடம், செய்யக்கூடாதவை. யூனிபோம் போட்ட படம் போடக்கூடாது, வீட்டைக் காட்டக்கூடாது, லீவு நாளைச் சொல்லக்கூடாது. நல்ல பாடம்தான். சூசைதாசன் தலையாட்டினார். இதில் எதையுமே அவர் செய்ததில்லை. ஆனால் பாடம் மனதில் பதிய ஒவ்வொருவரும் செய்யக்கூடாத ஒரு படத்தை உதாரணமாகத் தன் பக்கத்தில் போட்டு, மேலே சிவப்பால் பெருக்கல் குறிபோல் புள்ளடி இட வேண்டும். சபையின் பக்கம் அதை எடுத்து எல்லோருக்கும் காட்டும்.

"என்னட்ட அப்பிடிப் படம் இல்லை," என்றார் சூசைதாசன்.

"இருக்குதானே மாமா, அலுமாரிக்குள்ள," என்றாள் டில்ஷானி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்தாள். ஆனால் பணிப்பாளருக்கு 'அலுமாரி' சிங்களத்திலும் அலுமாரிதான்.

அப்படித்தான் கிளின்ரன் மரக்கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். யூனிபோமில், சிரித்தபடி, முகத்துக்குக் குறுக்கே ஒரு சிவப்புப் புள்ளடியோடு. புள்ளடி மெல்லிசாக இருந்தது. முகம் நன்றாகத் தெரிந்தது.

றலியா தன் மகன் லொறிப் பக்கத்தில் நிற்கும் படத்தைப் போட்டார். லொறியின் நம்பரும் விழுந்திருந்தது. "புள்ளடி போட்டா ஹலால் போல," என்று முணுமுணுத்தார்.

தேநீர் இடைவேளையில் முத்துலிங்கம் யன்னலோரம் வந்து நின்றார். கடல் பக்கமாக ரயிலொன்று போய்க்கொண்டிருந்தது.

"ஐயா, குறை நினையாதேங்கோ. உங்கட பொடியன் ஏன் நேவிக்குப் போனவர்?"

"எடுத்தாங்கள், போனான். நீங்க ஏன் இதுக்குள்ள வந்தீங்க?"

முத்துலிங்கம் பிளேன்ரீயில் ஒரு வாய் குடித்தார். "எடுத்தாங்கள், வந்தன்," என்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் கேட்க எதுவும் இருக்கவில்லை.

சான்றிதழ் வைபவம் சிறப்பாக நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். சத்தியப்பிரமாணம் எடுத்தார்கள்: 'என் குடும்பத்துப் படைவீரர் எங்கே இருக்கிறார், எப்போது வருவார் என்பதை எவர் கேட்டாலும், உறவினரோ மதகுருவோ ஆனாலும், சொல்லமாட்டேன்.' அதைச் சபை பேஸ்புக்கில் நேரடியாக ஒளிபரப்பியது. பணிப்பாளர் உரையாற்றினார்.

"மௌனமே கேடயம்! இந்த மௌனத்தை நாடு முழுவதும் உரத்துச் சொல்ல வேண்டும். முன்பு எங்கள் குடும்பங்களைப் பற்றி எதிரிக்கு எதுவும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இன்று, சபையின் முயற்சியால், எங்களுக்கு எல்லாம் தெரியும். மிகக் குறுகிய காலத்தில் நாங்கள் எல்லோரையும் எட்டியிருக்கிறோம்!"

கைதட்டினார்கள். சூசைதாசன் முன்மாதிரிக் குடும்பத் தலைவராகத் தெரிவானார். போட்டியே இல்லை. றலியா வட்டிலாப்ப விவகாரத்தில் இன்னும் மேன்முறையீட்டில் இருந்தார்.

அடுத்த கிழமை ஒழுங்கை முகப்பில் ஒரு ஆள் உயரப் பதாகை. அதே பதாகை கோவில் வெளிமதிலிலும். 'வாய் காத்த குடும்பம்! கொட்டாஞ்சேனையின் பெருமை, கடற்படை வீரர் கிளின்ரனின் தந்தை சூசைதாசன்.' அவருடைய முகம், மகனின் முகம், ஒழுங்கையின் பெயர். கீழே பூ வேலைப்பாட்டுக்குள்: 'பன்னிரண்டாம் திகதி கரைசேர்ந்து அருமை மகளின் ஞானஸ்நானத்தில் கலந்துகொள்ளும் வீரரைச் சபை வாழ்த்துகிறது.'

தேத்தண்ணிக் கடை ஸ்ரான்லி அன்று சூசைதாசனைக் கண்டதும் கடைக்குள்ளிருந்தே சத்தம் போட்டான்.

"சூசையண்ண, கப்பல் எண்டீங்க. என்ன கலர்க் கப்பல் எண்டு சொல்லேல்லையே!"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வடக்கிலிருந்து வந்து இந்த ஒழுங்கையில் வாடகைக்கு இருப்பவர். தினமும் சூசைதாசனுக்குப் பேப்பரின் நடுப்பக்கத்தைப் பிரித்துக் கொடுப்பார். அன்று முழுப் பேப்பரையும் தானே வைத்துக்கொண்டார். சூசைதாசன் தேத்தண்ணியைக் குடித்தார். சீனி போட்டிருந்தார்கள், ஆனாலும் கைத்தது.

அன்று பின்னேரம் டில்ஷானியின் போனுக்கு ஒரு அழைப்பு. சூசைதாசனைக் கேட்டார்கள். குரல் தேன்.

"வணக்கம் ஐயா. சபையிலிருந்து பேசுகிறேன். இடுப்பு வலி இப்போது எப்படி? பேத்தி சுகமா? மகன் கிளின்ரனின் லீவை உறுதிப்படுத்த, இப்போது போனுக்கு ஒரு இலக்கம் வரும், அதை மட்டும் சொல்லுங்கள் ஐயா."

டில்ஷானி கண்ணை அகலத் திறந்தாள். சூசைதாசன் அமைதியாகக் கேட்டார்.

"தம்பி, நீ உண்மையாச் சபையா?"

"ஆம் ஐயா."

"அரசாங்கம் என்ர இடுப்பை விசாரிக்காது ராசா. போய் வேற வேலை பார்." போனை வைத்தார். "எல்லாம் சரியாச் சொல்லுறான் பிள்ளை. எங்கால எடுத்தவன்?"

"நாங்க போட்டதுதானே மாமா. சபையின்ர பக்கத்தில எல்லாம் கிடக்கு."

அடுத்த நாள் இன்னொரு அழைப்பு. வணக்கம் இல்லை.

"சூசைபிள்ளைதானே?" கொச்சைத் தமிழ்.

"சூசைதாசன்."

"என்னவோ ஒண்ணு. நாளைக்கு ஒப்பீஸ் வா."

இது உண்மையான சபைதான் என்று சூசைதாசனுக்கு உடனே விளங்கிவிட்டது.

பணிப்பாளரின் மேசையில் ஒரு கணினி. அதில் பதாகையின் படம். அவர் மிகவும் கலங்கிப்போயிருந்தார். முத்துலிங்கத்தின் தலை குனிந்திருந்தது.

"கிளின்ரன் வரும் திகதி இணையத்தில் பகிரங்கமாகியிருக்கிறதாம்," என்றார் முத்துலிங்கம். "வீடு, குடும்பம், எல்லாமாம். ஆபத்தாம். அதால அந்தத் திகதியில அவரை அனுப்பேலாதாம். லீவு ரத்து."

வழுக்கிய மூட்டையை முழங்காலில் தாங்கி நிற்கிறவன் மாதிரி இருந்தார் சூசைதாசன்.

"யார் போட்டதாம்?"

முத்துலிங்கம் கேட்டார். பணிப்பாளர் பதில் சொன்னார்.

"அது விசாரணையில இருக்காம். சொல்லுறது பாதுகாப்புக்குக் கூடாதாம்."

"போஸ்டரில சபையின்ர பேர் கிடக்கு."

"அது உத்தியோகபூர்வ அறிவித்தலாம். கசிவு எண்டுறது வேறயாம்."

"அப்ப போஸ்டரையாவது கழட்டச் சொல்லுங்க."

இதற்குப் பணிப்பாளரே எழுந்து நின்று பதிலளித்தார். குரலில் வலி இருந்தது. "உங்கள் முகம் அந்தப் பதாகையில் எவ்வளவு அழகாக வந்திருக்கிறது தெரியுமா? உங்களுக்காக மேலிடத்தில் எவ்வளவு பேசியிருக்கிறேன். ஒரு தமிழ்க் குடும்பத்தை இப்படி உயர்த்தியது எங்கள் சபைதான். அதைக் கழற்றினால் ஆண்டறிக்கையில் நான் எதைக் காட்டுவேன்?"

முத்துலிங்கம் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார்.

"விடுங்க தம்பி," என்றார் சூசைதாசன். "அது எனக்கு விளங்கிச்சு."

முத்துலிங்கம் படியிறங்கி வீதிவரை கூட வந்தார். சாறிக்கடையில் பொம்மைக்குச் சேலை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, போஸ்டரை நீங்களாக் கழட்டிப்போடாதேங்கோ. முன்மாதிரிப் பட்டம் போயிடும். பட்டம் போனால் அடுத்த லீவும் இல்லை."

"அடுத்தது எப்பவாம்?"

"அது..." முத்துலிங்கம் வீதியைப் பார்த்தார். "எனக்கும் சத்தியப்பிரமாணம் இருக்கு ஐயா."

ஞானஸ்நானத்தை இனியும் தள்ளிவைக்க டில்ஷானி ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளை நடந்து வந்து தலையைக் குடுக்கும்வரைக்கும் வச்சிருக்கவா?" என்றாள். பன்னிரண்டாம் திகதியே நடந்தது. முந்திய செவ்வாய்க்கிழமை பூசையில் ஒரு கருத்து வாசித்தார்கள்: 'ஒருவர், ஒரு நாள், ஓரிடத்துக்கு வர. ஒரு குடும்பம்.' கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சூசைதாசனைப் பார்த்தார்கள்.

பாதர் புதிதாக வந்தவர், இளையவர். தொட்டியடியில் புத்தகத்தோடு நின்றார். ஞானத்தாய் தந்தையர் வந்தாயிற்று. டில்ஷானி குழந்தையோடு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

"பிள்ளையின்ர அப்பா எங்க? வந்துட்டு இருக்காரா?" என்றார் பாதர்.

டில்ஷானி நிலத்தைப் பார்த்தாள். சூசைதாசன் தொண்டையைச் செருமினார்.

"அதை நான் சொல்லப்படாது பாதர். குருவானவருக்கும் சொல்லப்படாது எண்டு சத்தியம் வாங்கிட்டாங்க." அவர் வாசலைக் காட்டினார். "வெளி மதில்ல போட்டிருக்கு. போய்ப் பாத்துட்டு வாங்க, நாங்க நிக்கிறம்."

யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். பாதருக்கு விளங்கிவிட்டது. அவர் தூணிலிருந்த கமராவை ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"லைவ் போகுது. நிப்பாட்டச் சொல்லட்டா?"

சூசைதாசனும் கமராவைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம். இந்தச் சனியனில்தான் எல்லாம் தொடங்கியது. எங்கோ கடலில், கப்பல் தட்டின் ஒரு மூலையில், சிக்னல் கிடைக்கும் இடம் தேடி ஒருவன் கையை உயர்த்திப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"வேணாம் பாதர். ஓடட்டும்."

டில்ஷானியிடமிருந்து குழந்தையை வாங்கினார். இடுப்பு ஒருமுறை பிடித்து விட்டது. பிள்ளையின் முகம் கமராவுக்கு நேராக வரும்படி உயர்த்தி, நாட்டாமிகள் மூட்டையைத் தோளுக்கு ஏற்றுமுன் ஒருகணம் நிதானிப்பார்களே, அப்படி நின்றார். பாதர் தண்ணீரை வார்த்தார். பிள்ளை கோவில் அதிர அழுதது. சூசைதாசன் இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு டில்ஷானி போனைத் திறந்து காட்டினாள். அந்த ஒளிபரப்புக்குக் கீழே இரண்டே இரண்டு இதயங்கள் விழுந்திருந்தன. ஒன்று கிளின்ரன் போட்டது.

மற்றது சபை.